கருது எங்கே நின்றது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோளத்தைப் பற்றியவை. பிரித்துப் படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது. கோழிப்பண்ணைகள் பெருகிய பிறகு எங்கள் பக்கத்தில் சோளம் என்றாலே பிள்ளைகளுக்கு மக்காச்சோளம்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது களி கிண்டி, பணியாரம் சுட்டு, தட்டைப் போர் போட்டு மாட்டுக்கு வைக்கிற நம் சோளம். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்து, பின்னால் பயிர் இனப்பெருக்கம் படித்து, 31 வருசம் சோள விதையோடேயே வேலை பார்த்தவள் நான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இதழ் முழுக்கச் சோளத்துக்கே.

கேள்வி (வெள்ளகோவில் பக்கத்து விவசாயி): அம்மா, எங்கள் அப்பாரு காலத்திலிருந்து ஒரே மஞ்சள் சோளத்தைத்தான் புரட்டாசியில் விதைக்கிறோம். மகசூல் வருசா வருசம் குறைகிற மாதிரி இருக்கிறது. போன வருசம் அறுத்துக் களத்தில் குவித்ததில் பெரிய கருதாக (கதிராக) நூறு பொறுக்கி, அதை மட்டும் விதைத்தேன். இந்த வருசமும் பழையபடியேதான். விதை கெட்டுவிட்டதா? புது ரகத்துக்கு மாறிவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள் தம்பி. விதை கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் பொறுக்கிய இடம்தான் தப்பு.

களத்துக் குவியலில் ஒரு பெரிய கருதைக் கையில் எடுக்கிறீர்கள். அது எங்கே நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. எருக்குழி ஓரத்தில் நின்றிருக்கலாம். ஆடு பட்டி போட்ட இடத்தில் நின்றிருக்கலாம். பக்கத்தில் நாலு பயிர் செத்துப்போய், வெயிலும் ஈரமும் தனக்கே என்று வளர்ந்திருக்கலாம். அப்படி வந்த பருமன் அந்தப் பயிரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. அதே நேரம், பாறை தட்டுகிற மேட்டில் நடுத்தரமாக ஒரு கருது வைத்த பயிர் இருந்திருக்கும். அங்கே அதுவே பெரிய காரியம். அதன் விதைதான் உங்களுக்கு வேண்டியது. குவியலில் அது கண்ணில் படவே படாது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையில் நாட்டுச் சோளத்திலிருந்து 40 கருது தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பெருமையாக அடுக்கி வைத்தேன். அடுத்த பட்டத்தில் வரிசை வரிசையாக விதைத்துப் பார்த்தால், தாய் விதைக்கும் அவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. குறிப்பு நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான் தெரிந்தது: 40-இல் 31 கருது வாய்க்காலை ஒட்டிய இரண்டு வரிசையிலிருந்து எடுத்தவை. ஒரு வருச வேலை போயிற்று. அன்றிலிருந்து எந்தக் கருதைப் பார்த்தாலும் முதலில் அது நின்ற இடத்தைத்தான் பார்க்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? கருது முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கிற பயிரில் இறங்குங்கள். காட்டைச் சென்ட் சென்டாகக் கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள். 21 அடிக்கு 21 அடி ஏறக்குறைய ஒரு சென்ட். நான்கு மூலைக்கும் குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும். அரை ஏக்கர் என்றால் 50 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துப் பயிர்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இரண்டே இரண்டு கருதுக்குத் துணி கட்டுங்கள். வளமான கட்டத்தில் இரண்டு, மேட்டுக் கட்டத்திலும் இரண்டு. எருக்குழிப் பக்கத்துக் கட்டத்தில் பத்து நல்ல கருது இருந்தாலும் இரண்டுக்கு மேல் கூடாது. வரப்போரப் பயிரைத் தொடவே வேண்டாம். நாலு பக்கமும் பக்கத்துப் பயிர் நிற்கிற இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கருதை மட்டும் பார்க்காமல் தட்டின் தடிமன், சாய்ந்திருக்கிறதா, அடி இலை இன்னும் பச்சையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழை விட்டுப்போன பிறகும் மணி முற்றும்வரை இலை பச்சையாக நிற்பது வறட்சிக் காட்டுக்குப் பெரிய சொத்து. அது விதை வழியாக இறங்குகிற குணமும் கூட.

இப்படி நூறு கருது சேர்ந்துவிடும். இவற்றை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிடாதீர்கள். இதுதான் முக்கியம். ஒவ்வொரு கருதின் விதையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, பாதியை அப்படியே வீட்டில் வைத்துவிடுங்கள். மீதிப் பாதியை அடுத்த புரட்டாசியில் ஒரு கருதுக்கு ஒரு வரிசை, பத்தடி நீளம் என்று விதையுங்கள். பத்து வரிசைக்கு ஒன்று உங்கள் பழைய கலப்பு விதையையே போடுங்கள், அதுதான் அளவுகோல். முடிந்தால் இதே நூறையும் இன்னொரு காட்டிலும் போடுங்கள், ஏனென்றால் ஒரு வரிசை முழுக்கவே நல்ல மண்ணில் அமைந்துவிடலாம். அறுத்ததும் வரிசை வரிசையாக எடை போட்டு எழுதிவையுங்கள். இரண்டு காட்டிலும் பழைய விதையைத் தாண்டிய பத்துப் பதினைந்து வரிசைகளைக் குறித்துக்கொண்டு, வீட்டில் உறையில் இருக்கிற அவற்றின் மீதி விதையை எடுத்துச் சேர்த்து விதையுங்கள். அதுதான் உங்கள் புது விதை.

வரிசையில் விளைந்ததை விட்டு உறையில் இருப்பதை எடுப்பது ஏன் என்று கேட்பீர்கள். சோளம் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கிற பயிர். ஆனாலும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து மணி வரை பக்கத்துப் பயிரின் தூளால் பிடிக்கும். விரிந்த கருதென்றால் இன்னும் கூடும். நூறு வரிசை அருகருகே பூத்தால் நல்லதும் சுமாரும் அங்கே கலந்துவிடும். உறையில் இருப்பதில் அந்தக் கலப்பு இல்லை.

பெரும்பாலும் தன் மகரந்தமே சேர்வதால்தான் இந்த முறை சோளத்துக்கு இவ்வளவு பொருந்துகிறது. உங்கள் காட்டில் நிற்பது ஒரே சோளம் போலத் தெரிந்தாலும், உண்மையில் அது பல குடும்பங்கள் கலந்த ஒரு ஊர். ஒவ்வொரு கருதும் ஏறக்குறைய ஒரு தனிக் குடும்பம். நாங்கள் மரபியல் வேறுபாடு என்று சொல்வது அதைத்தான். அது இருக்கிறவரைக்கும் தேர்வு செய்ய இடம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் எத்தனை வருசம் பொறுக்கினாலும் பலன் இல்லை. 1903-இல் டென்மார்க்கில் ஜோஹன்சன் என்ற அறிஞர் ஒரே அவரை விதையின் வம்சத்துக்குள் பெரிய விதை, சிறிய விதை என்று பிரித்து விதைத்துப் பார்த்தார். பிள்ளைகளில் வித்தியாசமே வரவில்லை. நீங்கள் சான்று பெற்ற ரகம் ஒன்றை வாங்கி அதில் பெரிய கருது பொறுக்கினாலும் அதே கதைதான். அப்பாரு விட்டுப்போன கலப்பு விதையில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து மோஹோலில் 1930-களில் மால்தண்டி என்ற நாட்டுச் சோளத்திலிருந்து தேர்ந்தெடுத்த எம் 35-1 என்ற ரகத்தை அந்தப் பக்கத்து விவசாயிகள் பனிப் பட்டத்தில் இன்றைக்கும் விதைக்கிறார்கள். அது கலப்புச் செய்து உண்டாக்கியது இல்லை. நாட்டு விதையிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான்.

கடைசியாக ஒன்று. பத்துப் பதினைந்து வரிசை எடுக்கச் சொன்னேன். முதலில் வந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நல்ல மழை வருசத்தில் முந்துவது வேறு, மழை பொய்த்த வருசத்தில் தாங்குவது வேறு. மானாவாரிக் காட்டுக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி (பல்லடம்): கடையில் வாங்கிய ஒட்டுச் சோளம் முதல் வருசம் பிரமாதமாக வந்தது. அதிலிருந்தே விதை எடுத்து விதைத்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. சில கருதில் பாதிக்கு மேல் பதர். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. ஒட்டு விதையின் சுபாவமே அதுதான்.

சோளப் பூ மிகச் சிறியது. ஒவ்வொரு பூவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். கையால் ஆண் பகுதியை எடுத்து மூட்டை மூட்டையாக ஒட்டு விதை செய்ய முடியாது. 1954-இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன்ஸ், ஹாலண்ட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். மைலோ என்ற சோள வகையின் சைட்டோபிளாசத்துக்குள் (செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கிற பகுதிக்குள்) காஃபிர் என்ற வகையின் மரபைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், பிறக்கிற பயிருக்கு மகரந்தம் உண்டாகாது. அதைத் தாயாக வைத்து, மகரந்தத்தை மீட்டுத் தருகிற மரபணு உள்ள தந்தையைப் பக்கத்து வரிசையில் நட்டால், தாய் வரிசையில் விளைவது முழுக்க ஒட்டு விதை. நம் நாட்டின் முதல் ஒட்டுச் சோளமான சிஎஸ்எச் 1 இப்படித்தான் 1964-இல் வெளிவந்தது.

நீங்கள் வாங்கிய விதைக்குத் தாயிடமிருந்து மலட்டுத்தன்மையும், தந்தையிடமிருந்து அதை மீட்கிற மரபணுவின் ஒரு பிரதியும் வந்திருக்கிறது. அதனால் முதல் வருசம் மணி நன்றாகப் பிடித்தது. அதன் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அந்த மீட்பு மரபணு போய்ச் சேராது. அந்தப் பயிர்கள் பக்கத்துப் பயிரின் தூளை நம்பித்தான் நிற்கும். தூள் வந்த இடத்தில் மணி, வராத இடத்தில் பதர். விடியற்காலையில் பூக்கிற கருதை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல பயிரில் மஞ்சள் தூள் புகை மாதிரி கிளம்பும். மலட்டுப் பயிரில் ஒன்றும் பறக்காது. மகரந்தப் பை வெளுத்து ஒட்டிப்போய் இருக்கும்.

நெட்டையும் குட்டையும் இதே கணக்குத்தான்: தாத்தா பாட்டி குணமெல்லாம் பேரப்பிள்ளைகளில் பிரிந்து வெளியே வருகின்றன. ஒட்டுச் சோளம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வருசமும் விதை வாங்கத்தான் வேண்டும். விதை எடுத்து வைக்க ஆசை என்றால் கோ 30, கோ 32 மாதிரி ரகங்களுக்குப் போங்கள். அவற்றில் எடுத்த விதை தாயைப் போலவே வரும்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், முதுகலை வேளாண்மை மாணவி): 40 சோள வகைகளை மூன்று ரெப்ளிகேஷனில் (ஒவ்வொன்றையும் மூன்று முறை திரும்ப விதைத்து) போட்டுப் பார்த்தேன். பூக்கும் நாளுக்கு ஹெரிட்டபிலிட்டி (வேறுபாட்டில் மரபின் பங்கு) மிக அதிகம். ஒரு கருதின் விளைச்சலுக்குக் குறைவு. அப்படியானால் விளைச்சலை விட்டுவிட்டுப் பூக்கும் நாளை வைத்துத் தேர்வு செய்வதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: இல்லை அம்மிணி. இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

வெள்ளகோவில் தம்பிக்குச் சொன்னதையே நீங்கள் கணக்கில் எழுதுகிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு முழுவதும் பிசிவி. அதில் மண், நீர், எரு எல்லாம் உண்டு. மரபால் மட்டும் வந்த வேறுபாடு ஜிசிவி. பிசிவி எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் காடு உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். மொத்த வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்பதுதான் ஹெரிட்டபிலிட்டி. அது பங்கு மட்டும்தான். கையில் எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ஜெனடிக் அட்வான்ஸ், அதாவது தேர்வால் கிடைக்கிற முன்னேற்றம்.

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். நூற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் தேர்வுச் செறிவு (எவ்வளவு கண்டிப்பாகப் பொறுக்குகிறோம் என்பதற்கான எண்) 2.06. பூக்கும் நாளின் சராசரி 68, திட்ட விலக்கம் 3, ஹெரிட்டபிலிட்டி 0.9. மூன்றையும் பெருக்கினால் 5.56 நாள், சராசரியில் 8 சதம். நூறு மணி எடை சராசரி 3 கிராம், விலக்கம் 0.4, ஹெரிட்டபிலிட்டி 0.7 என்றால் 0.58 கிராம் வரும். அது 19 சதம். ஒரு கருதின் விளைச்சல் 40 கிராம், விலக்கம் 12, ஹெரிட்டபிலிட்டி வெறும் 0.4 என்றாலும் 9.9 கிராம் வருகிறது. ஏறக்குறைய 25 சதம்! ஹெரிட்டபிலிட்டியில் முதலாவதாக நின்றது முன்னேற்றத்தில் கடைசிக்குப் போய்விட்டது பாருங்கள். பங்கு பெரிதாக இருந்து என்ன, பங்கு போட அங்கே சொத்து குறைவு.

விளைச்சலுக்கு ஹெரிட்டபிலிட்டி குறைவாக வந்தால் அதை விட்டுவிடச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பயிரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, வரிசை போடு, ரெப்ளிகேஷன் கூட்டு, இரண்டு மூன்று இடத்தில் பார் என்றுதான் அது சொல்கிறது. ஆரம்பத் தலைமுறையில் மணி எடை, கருதின் நீளம், கிளைகளின் எண்ணிக்கை மாதிரி கைக்கு அகப்படுகிற குணங்களை வைத்து வடிகட்டுங்கள். விளைச்சலுக்கான தேர்வைப் பின் தலைமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சோளத்தில் விளைச்சலைத் தீர்மானிப்பது மணியின் எடையை விட மணிகளின் எண்ணிக்கைதான். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். எண்ணிக்கை கூடினால் எடை இறங்கப் பார்க்கும். ஒன்றை மட்டும் துரத்தினால் மற்றது நழுவும். அதேபோல, தாமதமாகப் பூக்கிற உயரமான வகை கோயமுத்தூரில் கிணற்றுப் பாசனத்தில் எல்லோரையும் முந்தும். அதையே மூலனூர் காட்டில் போட்டால் கார்த்திகையோடு மழை விட்டு, கருது வெளியே வராமலே பொதியிலேயே நின்றுவிடும். ஒரு பருவம், ஒரு இடத்துச் சோதனையில் வந்த ஹெரிட்டபிலிட்டி எப்போதும் கொஞ்சம் ஊதிப் பெரிதான எண். உங்கள் ஆய்வேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பருவத்தையும் இடத்தையும் எழுதிவிடுங்கள். படிக்கிறவர்களுக்குச் செய்கிற மரியாதை அது.

கேள்வி (தாராபுரம், மாடு வளர்க்கும் பெண்மணி): போன சித்திரையில் எங்கள் காங்கேயம் கிடாரி இளஞ்சோளத்தில் வாய் வைத்து, ஒரு மணி நேரத்தில் செத்துப்போனது. விஷம் இல்லாத சோளம் கிடையாதா?

பதில்: படிக்கும்போதே கஷ்டமாக இருந்தது அம்மா. வீட்டில் பிறந்து வளர்ந்த கிடாரி போவது ஒரு ஆள் போவது மாதிரிதான்.

சோளத்தின் இளம் இலையில் துரின் என்ற பொருள் இருக்கிறது. மாடு மென்று விழுங்கும்போது அது உடைந்து சயனைடாக மாறும். பயிர் இளசாக இருக்கும்போதும், தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடக்கும்போதும், வாடிய பிறகு ஒரு மழை பெய்து புதுக் கொழுந்து விடும்போதும் அது மிக அதிகம். சித்திரையில் நடந்தது என்பதால் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்கும். பூக்கிற சமயத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பச்சையாகப் போடுவதென்றால் பூ வந்த பிறகே அறுங்கள். அறுத்த கட்டையில் மறுதாம்பாக வரும் கொழுந்தில் மாட்டை மேயவிடாதீர்கள். வெட்டி வெயிலில் உலர்த்திய தட்டில் பயம் குறைவு. மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளித் தடுமாறினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்; சோளம் தின்றது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அதற்கு மாற்று ஊசி இருக்கிறது, ஆனால் நிமிடக் கணக்கில்தான் நேரம் கிடைக்கும்.

துரினே இல்லாத சோளம் நம் காட்டில் கிடையாது; குறைவான வகைகள் உண்டு. இதுவும் மரபில் வகைக்கு வகை வேறுபடுகிற குணம்தான். சூடான் புல்லில் அது சோளத்தை விடக் குறைவு. சோளத்தைச் சூடான் புல்லோடு கலந்து கோயமுத்தூரில் எடுத்ததுதான் கோ எஃப்எஸ் 29. முதல் வெட்டு 65 நாளில், பிறகு 50 நாளைக்கு ஒரு வெட்டு. அந்த நாள் கணக்கை மட்டும் முந்தாதீர்கள்.

தீவனத்துக்காக விதை பொறுக்குகிறவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். இலையின் நடு நரம்பைப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் தட்டுக்குள் நெட்டி, பஞ்சு. மங்கிய பச்சையாக இருந்தால் உள்ளே சாறு. கோயமுத்தூர் சிறுதானிய நிலையம் 1923-இல் தொடங்கியது. அங்கே சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கசாமி அய்யங்காரும் உடன் இருந்தவர்களும் 1930-களில் பயிர் பயிராக எண்ணி, இது ஒரே ஒரு மரபணுவால் நடப்பது, வெள்ளை ஓங்குவது என்று எழுதிவைத்தார்கள். அந்த மரபணு எது என்று 2018-இல்தான் கண்டுபிடித்தார்கள். எண்பது வருசத்துக்கு முன் வெறும் கண்ணாலும் பென்சிலாலும் கண்டது அப்படியே சரியாக இருந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

கேள்வி (ஈரோடு): விதைத்த இருபதாம் நாள் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிறது. தாங்குகிற ரகம் எது?

பதில்: குருத்து ஈ. முதல் ஒரு மாதம்தான் அதன் வேலை. முழுக்கத் தப்புகிற ரகம் இல்லை. இளம் இலை பளபளப்பாகவும், இலையின் அடிப்பக்கம் நுண்ணிய மயிரோடும் இருக்கிற வகைகள் நன்றாகத் தாங்குகின்றன, ஏனென்றால் ஈக்கு அங்கே முட்டை வைப்பது சிரமம். எந்த ரகமானாலும் முதல் மழையோடு, பக்கத்துக் காட்டுக்காரர்களோடு சேர்ந்தே விதைத்துவிடுங்கள். பிந்தி விதைத்த காட்டைத்தான் ஈ மொய்க்கும்.

கேள்வி (காங்கேயம்): எங்கள் அம்மிச்சி தலைவிரிச்சான் சோளம் என்று ஒன்று விதைப்பார்கள். இப்போது யாரிடமும் இல்லை. எங்கேயாவது கிடைக்குமா? பழைய விதையால் இப்போது என்ன பயன்?

பதில்: உங்கள் அம்மிச்சியின் கருதை எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது. கிளைகள் நீண்டு, தளர்ந்து, விரித்துப் போட்ட கூந்தல் மாதிரி தொங்கும். இறுகிய கருதை விட அதில் மணி குறைவுதான். ஆனால் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இறுகிய கருதுக்குள் ஈரம் தங்கி மணியில் பூசணம் ஏறும். விரிந்த கருதில் காற்று புகுந்து சீக்கிரம் உலர்ந்துவிடும். மழைக்காலத்து அறுப்புக்கு என்று யாரோ தேடிப் பிடித்துக் காப்பாற்றிய குணம் அது. இப்போது பூசணம் தாங்குகிற ரகம் வேண்டும் என்று இனப்பெருக்கம் செய்கிறவர்கள் திரும்பவும் இந்த மாதிரி கருதைத் தேடித்தான் போகிறார்கள்.

உலகத்துச் சோளங்களை ஐந்து இனமாகப் பிரிப்பார்கள்: பைகலர், கினி, காடேட்டம், காஃபிர், துர்ரா. ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் தோன்றிய பயிர், நம் நாட்டில் வேரூன்றியது பெரும்பாலும் துர்ரா. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் குளிர் அறையில் இருக்கின்றன. தமிழ்நாட்டு நாட்டுச் சோளங்களும் அவற்றில் உண்டு. முதலில் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானியத் துறைக்கு, அம்மிச்சியின் ஊர், விதைத்த பட்டம், மணியின் நிறம் எல்லாம் சொல்லி எழுதுங்கள். ஊர்ப் பெயர் இருந்தால் தேடுவது எளிது. அப்புறம் கொல்லிமலைப் பக்கமும் விசாரியுங்கள்; மலைக்காரர்கள் எங்களைப் போல அவசரமாக எதையும் கைவிட்டதில்லை.

கிடைத்தால் விதைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுங்கள். 2001-ஆம் வருசத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் விதையை எடுத்துவைக்க, பரிமாற, முத்திரைப் பெயர் இல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு.

கேள்வி (சென்னிமலை, இளம் விவசாயி): எங்கள் வீட்டு மஞ்சள் சோளத்தையும் கோ 32-ஐயும் நானே கலப்புச் செய்து பார்க்க முடியுமா? ஆய்வுக்கூடம் வேண்டுமா?

பதில்: ஆய்வுக்கூடம் வேண்டாம் கண்ணு. ஒரு ஊசி, ஒரு சிறு இடுக்கி, காகிதப் பை, நல்ல கண், பொறுமை.

இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கிற மாதிரி, பிந்திப் பூப்பதை ஒரு வாரம் முன்னால் விதைத்துக்கொள். சோளக் கருது உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துவரும். முழுக்கப் பூக்க ஒரு வாரம் வரை ஆகும். தாயாக வைக்கிற கருதில் உச்சி பூக்க ஆரம்பித்த அன்று சாயங்காலம் போய் நில். பூத்த உச்சியைக் கத்தரித்துவிடு. அதற்குக் கீழே நாளைக்குப் பூக்கப்போகிற பகுதி கொஞ்சம் உப்பலாக இருக்கும். அதில் ஐம்பது பூ போல விட்டுவிட்டு, கீழே இருப்பதையெல்லாம் வெட்டிவிடு. பிறகு ஒவ்வொரு பூவாக, உமியை ஊசி முனையால் மெல்லத் திறந்து பார். மூன்று மகரந்தப் பை நெல்மணியை விடச் சிறிதாக, இளமஞ்சளாக நிற்கும். மூன்றையும் தூக்கி வெளியே எடு. எண்ணி எடு, ஒன்று உள்ளே நின்றாலும் அந்தப் பூ தானாகவே மணி பிடித்துவிடும். பை உடைந்து தூள் கொட்டினால் அந்தப் பூவையே கிள்ளிப் போட்டுவிட்டு ஊசியைத் துடைத்துக்கொள். முடிந்ததும் பையைப் போட்டு அடியில் இறுக்கு. தந்தைக் கருதுக்கும் பூக்கும் முன்பே ஒரு பை போட்டுவை.

இரண்டு நாள் கழித்து, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தந்தைக் கருதின் பையைத் தட்டித் தூளைச் சேகரித்து, தாய்க் கருதின் மேல் உதறிவிட்டு உடனே பையை மூடு. மறுநாளும் ஒரு முறை செய். தூளுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அங்கே இங்கே பேசிக்கொண்டு நிற்காதே.

கலப்பு பிடித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சோள இலையில் காயம் பட்ட இடத்தில் சில வகைகளில் ஊதாச் சிவப்பாகக் கறை படரும். சிலவற்றில் வெளிறிய பழுப்புத்தான். ஊதா ஓங்குகிற குணம். உன்னுடைய இரண்டும் இதில் வேறுபட்டால், பழுப்பைத் தாயாக வை. பிறக்கிற பயிர் ஊதாவாக இருந்தால் கலப்பு. பழுப்பாகவே வந்தால் நீ எடுக்காமல் விட்ட மகரந்தப் பையின் பிள்ளை. அதைப் பிடுங்கிவிடு.

முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இரண்டாவதில்தான் நெட்டை, குட்டை, இறுகியது, விரிந்தது என்று வேறுபாடு வெடித்துக் கிளம்பும். அதைக் குறைந்தது ஐந்தாறு நூறு பயிராவது போட்டுப் பார். அங்கிருந்து ஒரு கருதுக்கு ஒரு வரிசை என்று கொண்டுபோ. ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகும். ஆறாம் தலைமுறைக்கு வரும்போது நூற்றில் மூன்றுதான் மிஞ்சும். வருசத்துக்கு இரண்டு பட்டம் போட்டால் மூன்று வருசத்துக்குச் சற்று அதிகம் ஆகும்.

பையின் மேல் தாய் பெயர், தந்தை பெயர், தேதி மூன்றையும் எழுது. பென்சிலால் எழுது, பேனா மை ஐப்பசி மழைக்கு நிற்காது.